சுத்தம் செய்த குற்றம்

"சுத்தம் சோறு போடும்" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அதே சுத்தம் இரண்டு உயிர்களைக் குடித்துவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை!

எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. 5 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம். விடுமுறைக்கு வந்த பேத்தி, "பாட்டி, இதிலே மீன் விடலாமே!" என்றாள். சென்னைக் கொளத்தூரில் ஆறு தங்கமீன்கள் வாங்கி வந்தோம். ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டினாள். ஊருக்குப் புறப்படும்போது, "பத்திரமாப் பார்த்துக்கணும்" என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

என் கணவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருப்பாரா? காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார். தொட்டி ஏறக்குறைய 1,100 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 1,000 லிட்டர் இறைக்கும் சிறிய பம்பு ஒன்றைத் தொட்டிக்குள் வைத்தார். அது தண்ணீரைச் செங்கல் மேடைமேல் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்முக்கு ஏற்றும். டிரம்மின் வாயில் இருக்கும் ஸ்பாஞ்சு கசடைப் பிடித்துக்கொள்ளும். அதன் கீழே கூழாங்கல், உடைந்த ஓட்டுத் துண்டுகள். அவற்றின் வழியே இறங்கும் தண்ணீர், அடிக்குழாயால் மறுபடி தொட்டியில் சலசலவென்று விழும்.

இரண்டு மாதம் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. ஒரு நாள் டிரம்மைத் திறந்து பார்த்தேன். கல்லெல்லாம் பழுப்பாக, வழவழவென்று! எனக்குப் பொறுக்குமா? இவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்தேன். மனத்துக்குள் ஒரே பெருமை.

மூன்றாம் நாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மிதந்தன.

மீன்கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கல்லையா கழுவினீங்க, அம்மா? அந்த வழவழப்புதானே மீனைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது!" என்றார்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கல்லில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கிவிடுகிறது. இதனால் தீங்கு குறைவு. செடிகளுக்கோ அது உணவு. இந்தக் குடித்தனம் புதிதாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டுமாம். நான் அரைமணியில் அழித்துவிட்டேன்!

அவர் சொன்னபடி, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போக்கிய தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரை மாற்றினோம். தீனியை வெகுவாகக் குறைத்தோம். மற்ற நான்கும் பிழைத்தன.

பேத்தியிடம் என்ன சொல்வது? அதே நிறத்தில் இரண்டு வாங்கி விட்டுவிடலாம் என்றார் இவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் போனில் கூப்பிட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இனிமே கல்லைக் கழுவ மாட்டியே, பாட்டி?" என்றாள்.

இப்போது ஸ்பாஞ்சை மட்டும், அதுவும் தொட்டித் தண்ணீரிலேயே மெல்ல அலசுகிறேன். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால் கை என்னவோ துருதுருக்கத்தான் செய்கிறது. மூடியை மூடிவிட்டு, அடுக்களைப் பாத்திரங்களைத் தேய்க்கப் போய்விடுகிறேன்.