இரண்டடி நீட்டிய தளம்

எதிர்த்தரப்பில் நின்று வாதாடும் வழக்கறிஞர்மீது நம் மக்களுக்கு நல்லெண்ணம் குறைவு. அடிபட்ட ஏழையின் வாயை அடைக்கக் கூலி வாங்குபவர் என்பதே பொதுவான எண்ணம். நாமும் 2004ஆம் ஆண்டுவரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். அவ்வாண்டில் எதிர்மனுதாரராய் நின்றவர் நாமே.

அப்போது நாம் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றி வந்தோம். மறைக்கல்வி வகுப்புகளுக்கென ஒரு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில், சுவரிலிருந்து நான்கடி நீட்டி ஒரு தளம் போடுவதாக வரைபடம். மழை நாளில் மக்கள் நனைவார்களே என்று நமக்கு ஒரு நினைப்பு. ஒரு மாலை வேலையைப் பார்வையிட்டபோது, "இன்னும் இரண்டடி நீட்டினால் என்ன?" என்று மேஸ்திரியிடம் கேட்டோம். "நீட்டிடலாம் சாமி" என்றார் அவர். பொறியாளரை எவரும் கேட்கவில்லை. எழுத்தில் ஒரு வரியும் இல்லை.

சென்ட்ரிங் பிரித்த நாளில் தளம் இறங்கியது. முட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த இருபத்தாறு வயது இளைஞர் அடியில் சிக்கினார். உயிர் தப்பியது, வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவருக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தனர்.

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையரிடம் அவர் மனுச் செய்தார். ஒப்பந்தக்காரர் முதல் எதிர்மனுதாரர், பங்கு இரண்டாவது. தமது பதிலில் ஒப்பந்தக்காரர், "சாமியார் சொன்னதால்தான் நீட்டினோம்" என்று எழுதிவிட்டார்.

பங்குப் பேரவையில் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "வாய்ச்சொல்தானே சாமி, யார் பார்த்தது?" என்றார். அன்று உபதேசியார் நம் அருகில் நின்றிருந்தார் என்பது நமக்கு நினைவிருந்தது. என்றாலும், உண்மையைச் சொல்வதானால், அந்தப் பேச்சு நமக்கு இனிமையாகவே இருந்தது.

நமக்கு அமைந்த வழக்கறிஞர் கட்டட வழக்குகளிலேயே தலை நரைத்தவர். நம்மிடம் பேசுமுன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இடிபாடுகளை அள்ளிவிடாதீர்கள்" என்பதுதான். மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடைந்த காங்கிரீட்டின் நடுவே குனிந்து பார்த்தார். ஒருபுறம் மட்டும் சுவரில் பதிந்து மறுபுறம் காற்றில் நிற்கும் தளத்தில் முதன்மைக் கம்பிகள் மேற்புறத்தில் இருக்கவேண்டும். இங்கே அவை கீழே கிடந்தன. அது ஒப்பந்தக்காரரின் பிழை. பிறகு அவர் நம் பக்கம் திரும்பினார். நான்கடி ஆறடியானால் நீளம் ஒன்றரை மடங்குதான். ஆனால் சுவரோரத்தில் தளத்தை வளைத்து முறிக்கும் விசை இரண்டேகால் மடங்காகும் என்று விளக்கினார்.

"நீட்டச் சொன்னது நீங்கள்தானா ஃபாதர்?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. அவர் அமர்ந்து அமெரிக்கக் கதை ஒன்று சொன்னார். 1981 ஜூலை 17 மாலை, கன்சாஸ் சிட்டி நகரத்து ஹயத் ரீஜன்சி விடுதியில் நடன விழா. கூடத்தின் குறுக்கே, ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கம்பிகளில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். முதல் வரைபடத்தில் இரு பாலங்களும் ஒரே கம்பியில் தொங்கின. வேலையின்போது அதனை இரண்டு கம்பிகளாக மாற்றி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலிருந்தே தொங்கவிட்டனர். ஒரு கயிற்றை இருவர் பற்றித் தொங்கினால் அவரவர் கை அவரவர் எடையைத் தாங்கும். இரண்டாமவர் முதலாமவரின் காலைப் பற்றினால் மேலே உள்ள கைக்கு இருவர் எடை. தொலைபேசியில் ஒப்புதல் பெற்றோம் என்றனர் இரும்பு வேலையினர். அத்தகைய அழைப்பே வரவில்லை என்றனர் பொறியாளர். ஆனால் மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. முதல் வரைபடமே நகர விதி கேட்ட வலிமையில் 60 விழுக்காட்டளவே உடையதென்று அரசு ஆய்வு கண்டது. பொறியாளர் இருவர் அம்மாநிலத்தில் தொழில் உரிமம் இழந்தனர். நட்டஈடு சுமார் 14 கோடி டாலர் சென்றது.

பாதிக்கப்பட்டோர் அனைவரையும் ஒரே குழுவாக்கி ஒரே வழக்காய் நடத்தக் கூட்டாட்சி நீதிபதி 1982 ஜனவரியில் ஆணையிட்டதையும், மாநில நீதிமன்றங்களில் நடந்துவந்த வழக்குகளை அது தடுக்கும் என்று ஜூனில் மேல்முறையீட்டு மன்றம் அதை நீக்கியதையும் அவர் சுவையோடு விவரித்தார். நம் நாட்டிலும் ஒருவர் பலருக்காக வழக்காட 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தில் இடமுண்டாம். (பின்னாளில் அடுக்குமாடி வீட்டார் கூடித் தொடுத்த நுகர்வோர் வழக்குகளில், கட்டியவர் தரப்பில் நின்றே அவர் பெயர் பெற்றார்.)

"ஒரு வாய்ச்சொல், ஃபாதர். அங்கும் அதுதான், இங்கும் அதுதான்" என்றார். "கட்டடம் கட்டுவது பங்கின் தொழில் அன்று, ஆகவே சட்டப்படி பொறுப்பில்லை என்று நான் வாதிட இடமுண்டு, அது வெல்லவும் கூடும். சொல்லவே இல்லை என்றுமட்டும் என்னைச் சொல்ல வைக்காதீர்கள். ஆளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று அளப்பதுதான் என் வேலை. நீங்கள் மறைத்தால் எதை வைத்து அளப்பேன்?"

புது வீடு கட்டுவோர் எவரும் விழுந்து சாகாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்ற விதி இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்விலும் எழுதினோம். இரண்டடி கேட்ட மாலையில் அது நினைவுக்கு வரவில்லை. வழக்கறிஞரிடம் "ஆம்" என்றோம். ஆயர் இல்லத்திற்குச் சென்று அதையே சொன்னோம். அது இன்னும் கடினமாயிருந்தது.

அதன்பின் காரியம் விரைவாய் நடந்தது. கம்பிகளின் நிழற்படங்களைக் கண்டதும், பழி முழுவதையும் நம்மீது சுமத்த முயன்ற ஒப்பந்தக்காரர் இறங்கி வந்தார். பெரும்பங்கு அவருக்கும் எஞ்சியது நமக்குமாக உடன்பாடு எழுதி ஆணையரிடம் பதிவு செய்தோம். மாத ஊதியத்தில் நூற்றுக்கு அறுபதை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, இழந்த உழைப்புத் திறனுக்கேற்பத் தருவது அன்றைய கணக்கு. சட்டம் கேட்டதற்கு மேல் செயற்கைக்காலுக்கும் பங்கு பணம் தந்தது. பேரவையில் சிலர்க்கு அது பிடிக்கவில்லை.

வழக்கறிஞர் கட்டணம் வாங்கினாரா என்று கேட்பீர்கள். வாங்கினார், ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

அந்த இளைஞர் இப்போது சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவ்வழியே செல்லும்போது நாம் நின்று பேசுவதுண்டு. தேநீர் வருவிப்பார்; மகளின் படிப்பைப் பற்றிச் சொல்வார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாமும் பேசுவதில்லை. மண்டபத்தின் முகப்புத் தளம் மறுபடி போடப்பட்டபோது நான்கடியாகவே போடப்பட்டது. மழை நாளில் மக்கள் நனைகிறார்கள்.