மெலிந்த ஒலிக்கு மருந்து

"வாப்பா, நான் ஒரு பிக்கப் வாங்கப் போறேன்" என்று நானா சொன்னதும், அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த உம்மா மாக்கையோடு வெளியே வந்துவிட்டார்.

"கூரைத் தகரம் மாத்தக் காசில்ல, ஒனக்கு வாகனம் கேக்குதா?"

நானாவும் வாப்பாவும் சிரித்தார்கள். நானா சொன்னது வாகனத்தை அல்ல. மின் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே இருக்கும் சிறிய கறுப்புத் துண்டுக்கும் பிக்கப் என்றுதான் பெயர். அது இல்லாவிட்டால் மின் கிட்டார் வெறும் மரப்பலகை. விளக்கிச் சொன்ன பிறகும் உம்மாவின் முகம் மாறவில்லை. "அந்தச் சத்தத்துக்கு இன்னும் காசா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் வீடு ஹட்டனில். வாப்பா ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறார். நானா ஒரு கடையில் வேலை செய்கிறார். முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து, யாரோ பாவித்த கிட்டார் ஒன்றை வாங்கினார். அமெரிக்காவில் 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்த மலிவான பிரதி அது. அதில் மூன்று பிக்கப்கள் வரிசையாக இருக்கின்றன. தந்திகள் ஊன்றி நிற்கும் பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பதை பிரிட்ஜ் பிக்கப் என்பார்கள். மெட்டைத் தனியாக எடுத்து வாசிக்கும்போது அதைத்தான் பாவிப்பார்கள். நானாவின் கிட்டாரில் நோய் பிடித்திருந்ததும் அதற்குத்தான். தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் ஒலி மெலிந்து கிடந்தது. டிக்கோயாவில் தோட்டமொன்றில் இருந்து வரும் நானாவின் கூட்டாளி, "மச்சான், காதுக்குள்ள நுளம்பு பாடுற மாதிரி இருக்கு" என்றார்.

அந்த வாரம் எனக்கும் ஒரு நோய் இருந்தது. தவணைப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு 28 புள்ளிகள். மலையகத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகள் குறைவு. அதில் இடம் கிடைத்தபோது வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நானோ, கலைப் பிரிவுக்கு மாற அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதி, பௌதிகவியல் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். வாப்பாவின் கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

"வாங்கலாம் மகன். ஆனா முதல்ல என்ன நோய் என்டு பார்ப்போம்" என்றார் வாப்பா. "ரேடியோ கொண்டு வாற ஆக்கள் எல்லாரும் ஸ்பீக்கர் போயிட்டு என்டுதான் சொல்லுவாங்க. திறந்து பார்த்தா ஒரு வயர் கழன்டிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், நீங்க பௌதிகம் படிக்கிறீங்கதானே? இது எப்படி வேலை செய்யுது என்டு நானாவுக்குச் சொல்லுங்க."

கடிதத்தை மறைத்து வைத்திருந்த எனக்கு நெஞ்சு திக்கென்றது. என்றாலும் தெரிந்ததைச் சொன்னேன். பிக்கப்புக்குள் காந்தங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி, தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். நைலோன் தந்தி போட்டால் இந்தக் கிட்டார் ஊமையாகிவிடுவதும் அதனால்தான்.

"அப்ப பாலத்துக்குப் பக்கத்தில இருக்கிறது மட்டும் ஏன் மெலிஞ்சு கேக்குது?" என்று நானா கேட்டார்.

தந்தி பாலத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அது கணு, அங்கே அசைவு இல்லை. அதற்கு அருகில் அடிப்படை அதிர்வின் வீச்சம் மிகச் சிறியது. அலைநீளம் குறைந்த மேற்றொனிகளோ அந்த இடத்திலும் ஓரளவு நன்றாக அசைகின்றன. ஆகவே அந்த ஓரத்தில் நின்று கேட்கும் பிக்கப்புக்குக் கனமான ஒலி குறைவாகவும் கூர்மையான ஒலி அதிகமாகவும் கிடைக்கிறது. கணு, முரண்கணு என்று எத்தனையோ தடவை படம் வரைந்திருக்கிறேன். அந்தப் படம் எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"அப்ப கொஞ்சம் மெலிவா இருக்கிறது அதின்ட இயல்பு. அதுக்கு மேல எவ்வளவு மெலிஞ்சிருக்கு என்டுதான் பார்க்கணும்" என்றார் வாப்பா.

ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்னறையில் வைத்தியம் தொடங்கியது. முதலில் ஒலிபெருக்கியைப் பார்த்தோம். நானா கூர்மைக் குமிழை முழுதாகத் திருகி, அடித்தொனிக் குமிழைக் குறைத்து வைத்திருந்தார். இரண்டையும் நடுவில் வைத்தோம். அடுத்து, தந்தியைக் கடைசி மெட்டுக் கம்பியில் அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தேன். 5 மில்லிமீற்றருக்கும் அதிகம்! இரு பக்கத்திலும் உள்ள திருகாணிகளைத் திருகி, மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீற்றருக்கும் தடித்த தந்திப் பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வரும்படி உயர்த்தினோம். ஒலிக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. ஆசைப்பட்டு இன்னும் நெருக்கியபோது காந்தம் தந்தியையே பிடித்து இழுத்து, சுருதி தடுமாறியது. மறுபடி இறக்கினோம்.

கூட்டாளி இதைப் பார்த்துச் சிரித்தார். "எங்க தாத்தாவும் இப்படித்தான். மழைக்காலத்துல தப்பு சத்தம் அடைச்சுப் போனா, தோலை மாத்த மாட்டாரு. நெருப்புல காட்டிக் காய்ச்சுவாரு. தோல் இறுகினதும் தோட்டம் முழுக்கக் கேக்கும்."

மூன்றாவதாக வாப்பாவின் பழைய முள் மீற்றரால் சுருளின் தடையை அளந்தோம். ஏறக்குறைய 6 கிலோஓம். அந்த வகைப் பிக்கப்புக்கு அது சரியான அளவு. உள்ளே கம்பி அறுந்திருந்தாலும் ஒலி மெலியும். ஆனால் அப்போது முள் அசைந்தே இருக்காது. நான்காவதாக மூடியைக் கழற்றி வயர்களைப் பார்த்தோம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய அமைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்குத் தொனிக் குமிழ் இணைக்கப்படுவதில்லை. நானாவின் கிட்டாரும் அப்படியே. வாப்பா ஒரு விரலளவு வயர்த் துண்டை எடுத்து, ஆளியின் இரண்டு முனைகளைச் சேர்த்து ஈயம் வைத்தார். அதன் பிறகு கூர்மையைத் தேவையான அளவுக்குக் குறைக்க முடிந்தது. இதுவரை செலவு ஒரு சதமும் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த கிழமை ஒத்திகையில் மேளமும் கீபோர்டும் சேர்ந்தபோது நானாவின் மெட்டு மறுபடி காணாமல் போனது. போதாததற்கு மண்டபத்தின் மின்சாரம் "ம்ம்ம்" என்று இரைந்தது. எங்கள் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் அந்த இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். இனி மாற்றத்தான் வேண்டும் என்று வாப்பாவே ஒப்புக்கொண்டார்.

"நல்லா அலறுற ஒன்டா வாங்கணும்" என்றார் நானா.

வாப்பா தலையை ஆட்டினார். "கிளரன்ஸ் விஜேவர்தனவைக் கேட்டிருக்கியா? 1943இல ஹப்புத்தளையில பிறந்த மனுசன். நம்மளைப் போல மலைக்காரர். மூன்ஸ்டோன்ஸ் குழுவோட சேர்ந்து சிங்களப் பாட்டுக்குள்ள மின் கிட்டாரைக் கொண்டு வந்தவர். அவர்ட கிட்டார் அலறாது. ஒவ்வொரு சுரமும் விளங்கும். ஒனக்கு வேணும் சத்தமா, விளக்கமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு தெரிவு இலகுவாயிற்று. எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, அதே வகையில் சுற்றுகள் அதிகமான பிக்கப். சுற்று கூடினால் ஒலி வலுக்கும், நடுத்தொனி தடிக்கும், கூர்மை குறையும். அளவு மீறினால் ஒலி சேறாகும். மின் இரைச்சலும் போகாது. இரண்டு, இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த செத் லவர் 1955இல் உருவாக்கியது அது. இரண்டு சுருள்களின் சுற்றும் காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலி ஒன்றோடொன்று கூடும். ஆனால் அது அகலமானது, பலகையை வெட்ட வேண்டும். "மரத்தில கை வைக்கேலாது" என்றார் வாப்பா. மூன்று, ஒற்றைச் சுருளின் அளவுக்குள்ளேயே இரண்டு ஒடுங்கிய சுருள்களை அடக்கிய பிக்கப். எங்களுக்குப் பொருந்தியது அதுதான்.

அதிலும் நானா கிலோஓம் அதிகமானதையே தேடினார். "தடையை மட்டும் பார்த்து வலுவைச் சொல்லேலாது நானா. கம்பி மெலிஞ்சாலும் தடை கூடும்தானே" என்றேன். பௌதிகவியல் வினாத்தாளில் நான் சரியாக எழுதிய ஒரே சில வரிகளில் அதுவும் ஒன்று. நானா சற்று நேரம் யோசித்துவிட்டு, "சரி தங்கச்சி, நீயே சொல்லு, எதை எடுக்க?" என்று கேட்டார். நடுத்தர வலுவுள்ள ஒன்றைச் சொன்னேன். அவர் கொழும்புக்கு ரயிலேறிப் போய் அதையே வாங்கி வந்தார். பல மாதச் சேமிப்பு அது.

பொதியைப் பிரித்ததும் வாப்பா சோல்டரிங் அயனை என் கையில் தந்தார். "நீங்களே வைங்க மகள்."

பிக்கப்பில் இருந்து நான்கு நிற வயர்களும் ஒரு வெறுங்கம்பியும் வந்தன. எனக்குக் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து நிறங்களைச் சேர்த்தேன். நிறங்கள் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறும் என்பதை யோசிக்கவில்லை. நானா தந்தியை மீட்டினார். பழைய பிக்கப்பைவிட மோசம்! எலும்பும் தோலுமாக ஒரு ஒலி. நானா ஒன்றும் பேசவில்லை. அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு இதெல்லாம் வராது, கடிதத்தை இன்றே கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

"பழுதாப் போகல்ல. எங்கயோ மாறியிருக்கு. தேடுங்க" என்று சொல்லிவிட்டு வாப்பா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அழுது முடிந்த பிறகு முள் மீற்றரை எடுத்தேன். ஒரு சுருளின் இரண்டு வயர்களையும் மீற்றரில் மாட்டி, திருப்புளியை அந்தச் சுருளின் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தேன். முள் வலப்பக்கம் துள்ளியது. நான் இணைத்திருந்த அதே ஒழுங்கில் மற்றச் சுருளை மாட்டிப் பார்த்தேன். முள் இடப்பக்கம் துள்ளியது. விளங்கிவிட்டது! இரண்டு சுருள்களையும் நான் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருந்தேன். இரண்டுக்கும் பொதுவான கனமான ஒலி அழிந்துபோக, மிச்சம் மீதிதான் வெளியே வந்திருக்கிறது. ஒரு சுருளின் இரண்டு வயர்களை இடம் மாற்றி மீண்டும் ஈயம் வைத்தேன்.

நானா மீட்டினார். ஒலி நிறைவாக, உருண்டையாக வந்தது. இரைச்சலும் அடங்கியிருந்தது. அடுப்படியில் இருந்து உம்மாவின் குரல் கேட்டது: "இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு."

அன்றிரவு 28 புள்ளி எடுத்த விடைத்தாளை முன்னால் வைத்தேன். வாப்பா ரேடியோவைத் திறப்பதுபோல் அதைப் பகுதி பகுதியாகத் திறந்து பார்த்தேன். கணக்குகளில் பாதிக்கு மேல் சரி. "ஏன்?" என்று விளக்கம் கேட்ட இடங்கள் எல்லாம் வெறுமை. சமன்பாடுகளை ஒரு பக்கமாகவும் கருத்துகளை இன்னொரு பக்கமாகவும் படித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்ததே இல்லை. எனக்குப் பௌதிகவியல் வராமல் இல்லை. நான் இணைத்த விதம்தான் பிழை.

அடுத்த தவணையில் 51 எடுத்தேன். பெரிய புள்ளி அல்ல. ஆனால் எந்த இடத்தில் என்ன குறை என்பது இப்போது எனக்குத் தெரியும்.

தோழிகளே, ஒன்று மெலிந்து கேட்டால் உடனே அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அது நிற்கும் இடத்தைப் பாருங்கள், உயரத்தைப் பாருங்கள், இணைப்பைப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

பிக்கப்பின் சரியான இணைப்பை வரைந்து வைக்க அன்று அவசரமாகத் தாள் தேடியபோது, புத்தகத்துக்குள் இருந்த அந்தக் கடிதம்தான் கையில் அகப்பட்டது. அதன் பின்பக்கத்தில் வரைந்தேன். வாப்பா அதை வாங்கிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.