காந்தளின் விரல்கள்

காந்தளும் ட்யூலிப்பும் உறவு என்றால் மயிலாப்பூரில் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். ஒன்று காஷ்மீர் சுற்றுலாப் படங்களில் வருவது. மற்றது வேலியோரக் கொடி. தாவரவியலோ இரண்டையும் லிலியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வைக்கிறது. முன்பு குடும்பமும் ஒன்றாகத்தான் இருந்தது; பின்னர் காந்தளைக் கால்சிகேசி என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். மேற்கு இமயத்தில் தானாக முளைக்கும் ட்யூலிபா க்ளூசியானா என்ற காட்டு இனத்துக்கும் நம் காந்தளுக்கும் புல்லி, அல்லி என்ற பேதமில்லாத ஆறு இதழ்கள். ட்யூலிப் அவற்றைக் கிண்ணமாகக் குவித்து வானம் பார்க்கிறது. காந்தள் தலைகவிழ்ந்து நின்று, இதழ்களை மட்டும் மேலே மடக்கிக்கொள்கிறது.

மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கிழங்கை நட்டு வைத்திருக்கிறேன். கலப்பை போலக் கவைத்த கிழங்கு; கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால்தான். கோடை முழுதும் உறங்கும். மழை கண்டதும் எழும். இதற்கெனத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு துணி உலர்த்தும் கொடியைப் பற்றிக்கொள்கிறது. ஐப்பசியில் பூத்தபோது நாள்தோறும் பார்த்தேன். முதலில் பசுமஞ்சள். பிறகு நுனி சிவந்து அடி மஞ்சளாக நின்றது. கடைசியில் முழுச் சிவப்பு. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு இதை உவமித்தது தனி இதழை எண்ணி அல்ல, சேர்ந்து நிமிர்ந்த ஆறையும் கண்டுதான் என்று அப்போது தோன்றியது.

பூவின் அழகோடு ஒரு வழக்கும் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது காந்தள். கோடல் வெண்காந்தள், தோன்றி செங்காந்தள் என்பது அகராதிகளின் பொருள். ஆனால் அதே பட்டியலில் கோடலும் தோன்றியும் தனித்தனியே வருகின்றன. ஒரே பூவைக் கபிலர் இருமுறை எண்ணுவாரா? 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சேற்றியது முதல் இந்தக் கேள்வி எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது. பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அகராதிக்காரரைவிட மலையைப் பார்த்தவரையே நான் நம்புவேன். அவர் மூன்று செடிகளைச் சொன்னார்.

"சுவாமிக்குப் பறிச்சுக்கட்டுமா?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "பறிச்சுக்கோங்கோ மாமி, கிழங்குகிட்ட மட்டும் போகாதீங்கோ" என்றேன். அதிலுள்ள கால்சிசின் உயிரணுப் பிளவையே நிறுத்திவிடும். தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். கீல்வாதத்துக்கு மருந்தாவதும் அதே கால்சிசின்தான். அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதை விதைக்குப் பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்து மகரந்தத்தாள்களை விட்டு விலகி நிற்பதால் காய்ப்பு குறைவு. ஆகவே பூக்கும் மாதங்களில் காலைதோறும் தொழிலாளர்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தங்கள் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள்.