கையெழுத்துக்குக் காத்திருந்த காசோலை

2018 டிசம்பர் 22. அமெரிக்காவில் மத்திய அரசின் பல துறைகளுக்குச் செலவுப் பணம் நின்றுபோனது. கஜானா காலியாகிவிடவில்லை. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட 570 கோடி டாலர் வேண்டும் என்றார் அதிபர் டிரம்ப். வேலிக்கு 130 கோடி டாலர் தரலாம், சுவருக்குத் தர முடியாது என்றது எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சி. யாரும் இறங்கி வரவில்லை. அரசு அலுவலகங்களில் பூட்டு தொங்கியது, 35 நாள்களுக்கு.

சுவருக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்? எதுவும் இல்லை. ஆனால், பணம் நின்ற துறைகளில் வேளாண்மைத் துறையும் ஒன்று. அரசுக் கடன், மானியம், இழப்பீடு எல்லாவற்றுக்கும் அந்த ஊர் விவசாயிகள் போய் நிற்கும் பண்ணைச் சேவை அலுவலகங்கள் டிசம்பர் கடைசியில் மூடப்பட்டன.

விளைச்சலை ஈடுகாட்டி அரசுக் கடன் வாங்கியவர்கள் பாடுதான் பெரும்பாடு. தானியத்தை விற்றால், வியாபாரி தரும் காசோலையில் விவசாயியின் பெயரோடு அந்த அலுவலகத்தின் பெயரும் இருக்கும். இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் வங்கியில் பணம். தானியம் போய்விட்டது, காசோலை கையில் இருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இல்லை. அடுத்த விதைப்புக்குக் கடன் கேட்கும் பருவமும் அதுவே. ஜனவரியில் வரவேண்டிய விளைச்சல் அறிக்கைகூட வெளிவரவில்லை. சீனாவுடனான வரிச்சண்டையில் சோயா விலை ஏற்கெனவே அடிவாங்கியிருந்த நேரம் அது. சுமார் 8 லட்சம் அரசு ஊழியர்களுக்கும் சம்பளம் இல்லை.

ஜனவரி 25-ல் பூட்டு திறந்தது. பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. எல்லை வேலிக்கு 137.5 கோடி டாலர். கேட்டதில் கால் பங்குகூட இல்லை. முதலிலேயே தருவதாகச் சொன்னதைவிட 7.5 கோடிதான் கூடுதல். அந்த 35 நாள்களால் பொருளாதாரத்துக்கு 1,100 கோடி டாலர் இழப்பு, அதில் 300 கோடி திரும்பவே வராது என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொன்னது. வேலிக்கு ஒதுக்கியதைப்போல இருமடங்குக்கு மேல் வீணாகப் போனது.

கொள்கையை விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஒப்பந்தத்தோடு சுவர்ச் சண்டையும் முடிந்துவிடவில்லை. அவசரநிலை அறிவித்து, வேறு நிதியைச் சுவருக்குத் திருப்பினார் டிரம்ப். வழக்குகள் நடந்தன. ஆனால், அலுவலகங்கள் திறந்திருந்தன. சண்டை ஒருபக்கம், வேலை ஒருபக்கம். முதல் நாளே அப்படி நடந்திருக்கலாம். பழைய அளவிலேயே சில வாரங்களுக்குச் செலவு செய்ய இடைக்கால ஒப்புதல் தரும் வழி அங்கே எப்போதும் உண்டு.

பாடம் படித்தார்களா என்றால் இல்லை. 2025 அக்டோபர் 1-ல் மீண்டும் பூட்டு. இந்த முறை 43 நாள்கள்.

பங்குக் கிணற்றில் தகராறு வந்தால், பஞ்சாயத்து முடியும்வரை பழைய முறைப்படியே தண்ணீர் பாய்ச்சச் சொல்வார்கள் பெரியவர்கள். யார் பக்கம் நியாயம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். காய்ந்த பயிரைத் திரும்பப் பச்சையாக்க எந்தத் தீர்ப்பாலும் முடியாது.