அடைமொழி நிற்கும் இடம்

ஆங்கிலம் எழுதும் எம்மவரிடத்துக் காணப்படும் குறைகளுட் பெரும்பாலானவற்றைச் சொல்வளக் குறைவென்றே ஆசிரியர் பலர் கணிக்கின்றனர். அகராதியைப் புரட்டுமாறு அறிவுரையும் கூறுகின்றனர். பல்கலைக்கழக மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் நான் கண்டது வேறு. சொற்கள் அவர்களிடம் போதியளவு உள்ளன. அவற்றுள் அடையாக வருவன நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமையே வாக்கியத்தின் தெளிவைக் கெடுக்கின்றது. இப்பிழைகள் வெறும் அறியாமையால் எழுவனவுமல்ல. தமிழிலக்கணத்தின் ஒழுங்கு எம் உள்ளத்தில் ஆழ ஊன்றியிருப்பதால் எழுவன. ஆதலின், அவற்றைத் திருத்தும் வழியும் அவ்விலக்கணத்திலேயே உண்டென்பது என் துணிபு.

தமிழ் உரைநடையில் அடையானது தான் தழுவுஞ் சொல்லுக்கு முன்னரே வரும். ‘நல்ல மாணவன்’ என்னும்போது ஆங்கிலமும் அவ்வாறே செய்கின்றது. இவ்வொற்றுமை எம்மை ஏமாற்றிவிடுகின்றது. அடை ஒரு சொல்லாக இருக்கும்வரை முன்னே நிறுத்தும் ஆங்கிலம், அது தொடராக நீண்டவுடன் பெயருக்குப் பின்னே கொண்டுபோய் வைக்கின்றது. ‘நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவன்’ என்பது ஆங்கிலத்தில் ‘மாணவன் – வந்த – யாழ்ப்பாணத்திலிருந்து – நேற்று’ என்னும் வரிசையைப் பெறும். கண்ணாடியிற் கண்ட பிம்பம் போல முழுத்தொடரும் இடம் வலமாக மாறிவிடுகின்றது.

இம்மாற்றத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவனைச் சந்தித்தேன்’ என ஒருவர் கூறினால், நேற்று நிகழ்ந்தது வருகையா, சந்திப்பா என்னும் ஐயம் தோன்றும். ‘யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவனை நேற்றுச் சந்தித்தேன்’ என்று முற்றுவினையின் அருகே சொல்லை நகர்த்தினால் ஐயம் நீங்கும். ஆங்கிலத்திலும் இதே ஐயம் உண்டு. ஆனால் அது வாக்கியத்தின் மறுகோடியில் உண்டாகின்றது. அங்கு ‘யெஸ்டர்டே’ என்னுஞ் சொல்லை இறுதியில் வைத்தால், அது தனக்கு முன்னுள்ள ‘வந்த’ என்பதோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சந்திப்பே நேற்று நிகழ்ந்ததாயின், அச்சொல்லை வாக்கியத்தின் தலைப்பில் நிறுத்தவேண்டும். அதாவது, தமிழில் ஐயத்தைத் தந்த இடமே ஆங்கிலத்தில் ஐயத்தைத் தீர்க்கும் இடமாகின்றது. இவ்வுண்மையை அறிந்த மாணவன் விதிகளை மனனஞ் செய்யவேண்டியதில்லை.

இனி, ஆங்கில ஆசிரியரின் ஏளனத்துக்கு மிகுதியும் இலக்காகும் பிழையொன்றை நோக்குவோம். ‘ரீடிங் த குவெஸ்ச்சன் பேப்பர், த பெல் ராங்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். வினாத்தாளை மணியே வாசித்ததாகப் பொருள்படும் இவ்வாக்கியத்தை ஆசிரியர் வகுப்பில் உரத்து வாசிக்க, எல்லோரும் நகைத்தனர். அவள் அதன்பின் அவ்வகுப்பில் வாய்திறக்கவில்லை. நகைத்தவர்களுள் எவரும் அப்பிழை எங்கிருந்து வந்ததென ஆராயவில்லை.

‘செய்து’ முதலிய வாய்பாட்டு வினையெச்சங்கள் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியுமெனத் தொல்காப்பியர் வினையியலில் விதித்தார். ‘வினாத்தாளை வாசித்து மணி அடித்தது’ என எந்தத் தமிழ்ப் பிள்ளையும் கூறாது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்ற வழக்குகளையும் ‘செய’ என்னும் எச்சத்தின் திரிபெனக் காட்டியே உரைகாரர் அமைதி கண்டனர். ஆகவே, ஆங்கிலத்தார் பெரிதாகக் கூறும் அவ்விதி எமக்குப் புதிதன்று. அம்மாணவியின் உள்ளத்தில் இருந்த வாக்கியம் ‘வினாத்தாளை வாசிக்கும்போது மணி அடித்தது’ என்பதாகும். ‘மணி அடிக்க மாணவர் எழுந்தனர்’ என்பதிற்போலவே, ‘போது’ என்பதும் வேறொரு வினைமுதலுக்கு இடங்கொடுக்கும். தமிழில் அது குற்றமற்ற வாக்கியம். அதனைத் தனித்த ‘இங்’ ஈற்று வடிவமாக மாற்றியதே தவறு; ஏனெனில் அவ்வடிவம் எமது ‘செய்து’ எச்சத்துக்கே பெரிதும் நிகரானது. இரண்டு வினைக்கும் கருத்தா ஒருவரேயாயின் ‘இங்’ வடிவத்தை ஆளலாம். கருத்தா வேறாயின் ‘வைல் ஐ வோஸ் ரீடிங்’ என எழுவாயை வெளிப்படையாகக் கூறவேண்டும். ‘கன்சிடரிங்’ போன்று இடைச்சொல்லின் தன்மை பெற்றுவிட்ட சிலவே இதற்குப் புறனடை. இவ்வளவையும் தமிழிலக்கணச் சொற்களால் விளக்கக் கால்மணி நேரம் போதும். நகைத்தற்குச் செலவிட்ட நேரத்தில் இதனைச் செய்திருக்கலாம்.

‘ஒன்லி’ என்னுஞ் சொல்லிலோ தமிழறிவு நேரடியாகவே கைகொடுக்கின்றது. ‘இறுதியாண்டு மாணவர் வெள்ளிக்கிழமைகளில் உசாத்துணை நூல்களை இரவல் பெறலாம்’ என்னும் நூலக அறிவித்தலில் ‘மட்டும்’ என்பதை மாணவர், வெள்ளிக்கிழமைகளில், நூல்களை என்னும் மூன்று சொற்களுள் ஒன்றன்பின் வைத்துப் பார்க்க. மூன்று வேறு விதிகள் பிறக்கும். ஆங்கிலத்தார் பேச்சில் ‘ஒன்லி’யை வினைக்கு முன் வைத்துவிட்டுக் குரலழுத்தத்தாற் பொருளை வேறுபடுத்துவர். எழுத்துக்குக் குரல் இல்லை. எனவே, தமிழில் ‘மட்டும்’ எச்சொல்லைத் தொடரும் என முதலில் எண்ணி, ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சற்று முன்னே ‘ஒன்லி’யை நிறுத்துவதே பாதுகாப்பான வழி. எனினும் இதனையும் இரும்பு விதியாக்குதல் தகாது. 1926 இல் வெளிவந்த தமது ஆங்கில வழக்ககராதியிற் பௌலர், பொருள் மயங்காத இடத்தும் இச்சொல்லை நகர்த்துமாறு வற்புறுத்துவோரைக் கடிந்துள்ளார். மயக்கம் உண்டா என்பதே வினா.

இவையெல்லாம் மாணவரின் கட்டுரைப் பயிற்சிக்கே உரிய சிறு நுணுக்கங்கள் எனக் கருதுவோர் உளராயின், ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்த்த பேஸ்புக் வழக்கை அவர்கள் நோக்குவாராக. தன்னியக்கத் தொலைபேசி அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் 1991 ஆம் ஆண்டுச் சட்டம், எண்களைச் சேமிக்க அல்லது உருவாக்க வல்ல கருவியைப் பற்றிப் பேசி, எழுமாறாகவோ தொடராகவோ எண்களை ஆக்கும் பொறியைப் பயன்படுத்துவது என்னும் அடைத்தொடரை இறுதியில் வைத்திருந்தது. அவ்வடை ‘உருவாக்க’ என்பதை மட்டும் தழுவுமா, ‘சேமிக்க’ என்பதையும் தழுவுமா? முன்னதாயின், எண்களைச் சேமிக்கும் சாதாரணக் கைத்தொலைபேசியும் அக்கட்டுப்பாட்டுக்குள் அடங்கிவிடக்கூடும். அத்தளத்திற் கணக்கே இல்லாத ஒருவர் தமக்கு வந்த குறுஞ்செய்திகளுக்காகத் தொடுத்த வழக்கில், அடை இரண்டையுந் தழுவும் என நீதிமன்றம் முடிவுசெய்தது. அவர் தோற்றார். எழுதிய காலத்தில் தீர்க்கப்படாத ஓர் இடப்பிரச்சினை முப்பது ஆண்டுகளின் பின் ஒரு வழக்கின் முடிவாயிற்று.

எமது நாட்டிலும் 1987 இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. மருத்துவக் குறிப்பையும் ஒப்பந்தத்தையும் ஆய்வறிக்கையையும் நாளை எழுதப்போகின்றவர் இன்று எம்முடன் பயில்வோரே. அவர்கள் நிறுத்தும் அடைகள் பிறருடைய உடலையும் உடைமையையும் தொடும்.

செய்யுளிற் சொற்கள் சிதறிக் கிடப்பினும் பொருள் காணும் முறையை எம் முன்னோர் வகுத்தனர். தொல்காப்பியர் நான்காகக் கூறிய பொருள்கோளை நன்னூலார் எட்டாக விரித்தார். தொலைவில் நிற்குஞ் சொற்களைக் கொண்டுவந்து கூட்டும் ‘கொண்டுகூட்டு’ அவற்றுள் ஒன்று. செய்யுளுக்கு உரையாசிரியர் இருந்தார். அவர் கூட்டித் தந்தார். உரைநடையை வாசிப்பவனுக்கு அத்துணை இல்லை. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவி, இரு மொழிகளின் சொல்லொழுங்குக்கும் இடையே நின்று உழைத்த ஆறுமுக நாவலர் (1822–1879), பின்னர்த் தமிழ் வசனத்தைத் தெளிவுற அமைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

ஆகவே, ஆங்கில வகுப்பிலிருந்து தமிழிலக்கணத்தை வெளியேற்றுதல் எமக்கு நட்டமே. எச்சமும் முற்றும், எழுவாயும் பயனிலையும் பள்ளியிலேயே எம் பிள்ளைகள் கற்றவை. அவற்றைக் கைவிளக்காகக் கொண்டு இரு மொழிகளையும் அருகருகே வைத்துக் காட்டும் சிறு நூலொன்றேனும் எம் மாணவருக்குக் கிடைக்குமாயின், நகைப்புக்கு அஞ்சி வாய்மூடும் மாணவர் தொகை குறையும். அப்பணி தமிழ் கற்றோரின் கடமையுமாகும்.