செவியில் ஓர் எண்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு என்பதைத் தமிழ் பயில்வோர் முதலாண்டிலேயே அறிந்துகொள்கின்றனர். வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் அப்பொருளிலேயே அச்சொல்லை ஆண்டுள்ளார். ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் இதற்கு உரையாசிரியர் எவரும் தேவையில்லை. மழை பொய்த்து, காய்கறிச் சந்தையில் தக்காளி விலையும் சரிந்துவிட்ட நாள்களில், பல வீடுகளில் உலை கொதிப்பது கறவை மாட்டின் பாற்காசினால்தான்.

அச்செல்வத்தை அடையாளம் காண நம் முன்னோர் பல வழிகளைக் கையாண்டனர். சூட்டுக்கோலால் குறியிட்டனர், சுழி பார்த்தனர், வாயைத் திறந்து பல்லை எண்ணி வயதைக் கணித்தனர். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் காட்சியை இன்றும் காணலாம். இவை யாவும் அரிய கலைகளே. ஆயினும் அம்மாட்டுக்கு என்ன தடுப்பூசி, எந்நாளில் போடப்பட்டது என்பதைப் பல்லும் சொல்லாது; சுழியும் சொல்லாது.

அதனைச் சொல்வதற்காகவே இப்போது காதில் மஞ்சள் நிற வில்லை ஒன்று தொங்குகிறது. அதில் பன்னிரண்டு இலக்க எண் அச்சிடப்பட்டிருக்கும். தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய ‘இனாஃப்’ என்னும் கணினித் தொகுப்பில் தொடங்கிய இம்முறை, இன்று ‘பாரத் பசுதன்’ என்னும் நாடு தழுவிய பதிவாக விரிந்துள்ளது. கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் ஒழிக்க 2019-ஆம் ஆண்டு 13,343 கோடி ரூபாய் மதிப்பில் நடுவணரசு வகுத்த திட்டம், காதுவில்லையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. மருத்துவர் கைப்பேசியில் அவ்வெண்ணை உள்ளிட்டால், முன்னர்ப் பதிந்த ஊசி, சிகிச்சை, சினையூட்டல் ஆகியவை திரையில் தோன்றும்.

இதன் பயனை நாம் ஒரு கார்த்திகை மாதக் காலையில் நேரிற் கண்டோம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த கால்நடை மருந்தகம் ஒன்றில், கலப்பினப் பசுவோடு ஓர் அம்மையார் கலங்கி நின்றார்.

“நாள் தாண்டிப் போச்சுங்க சார். இருபது நாளாகுது. கன்னு உள்ளேயே செத்துருச்சோன்னு பயமா இருக்கு. ஊசி போட்டு எடுத்துவிட்டுருங்க.”

“எப்பம்மா சினை ஊசி போட்டீங்க?”

“தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போனப்பங்க.”

பழனி செல்லும் பாதயாத்திரையைக் கொண்டு நாள் கணிப்பது இவ்வூர்ச் சாலையோர மக்களுக்கு இயல்பு; அதில் பிழையும் நேர்வதில்லை. அம்மையாரின் கணக்கும் சரியே. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அது கடந்துதான் இருந்தது. மருத்துவர் கையுறை அணிந்து சோதித்தார். கன்று அசைந்தது. பின்னர் எண்ணைப் பார்த்தார். தைப்பூச நாள்களில் இட்ட ஊசிக்கு இருபத்திரண்டு நாள் கழித்து, இரண்டாவதாக ஓர் ஊசி பதிவாகியிருந்தது. முதல் ஊசியில் சினை தங்காமையால், மகன் மாட்டை மறுபடியும் ஓட்டிவந்திருக்கிறார். அதன்பின் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். அச்செய்தியும் அவரோடு போய்விட்டது.

“இன்னும் நாள் இருக்கும்மா. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க.”

முதிராத கன்றை ஊசியிட்டு வெளிக்கொணர்ந்திருந்தால் கன்றும் போயிருக்கலாம். நஞ்சுக்கொடி தங்கித் தாயும் நலிந்திருக்கலாம். மருத்துவரின் கைத்திறனே முதன்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அக்கைக்குத் துணை நின்றது அந்த ஒரு வரிப் பதிவு.

கன்று வீச்சு நோயைப் பொறுத்தவரை பதிவின் தேவை இன்னும் கூடுதலானது. அதற்குரிய ஊசி, நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை இடப்படுவது. உயிருள்ள கிருமியினால் ஆன மருந்தாதலின், சினைப்பசுவுக்கு இட்டால் கருவே கலையக்கூடும். வளர்ந்த பசுவுக்கு இட்டால், பின்னாளில் நோய் உண்டா, இல்லையா என்று குருதிச் சோதனையில் தெளிவதும் அரிதாகும். காய்ச்சாத பாலின் வழியாகவும், ஈற்றின்போது நஞ்சுக்கொடியைத் தொடும் கையின் வழியாகவும் இந்நோய் மாந்தரையும் பற்றும்; விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக நெடுநாள் வருத்தும். பேற்றுக்குத் துணைநிற்கும் வீட்டுப் பெண்டிரே இதற்கு முதலில் ஆளாகின்றனர்.

பிரித்தானிய நாட்டில் மாடுகளுக்குத் தனித்தனிக் கடவுச்சீட்டே வழங்கியிருந்தனர். ஆடுகளுக்கோ தனி எண் இல்லை. 2001-ஆம் ஆண்டு கோமாரி, நோய் வெளிப்படும் முன்பே, ஆட்டுச் சந்தைகள் வழியே நாடெங்கும் பரவியது. அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று தீர்த்தனர். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடுகள் ஊர் மாறி ஊர் செல்வதைக் காணுந்தோறும் நமக்கு இது நினைவுக்கு வரும்.

குறைகளையும் கூறவேண்டும். மருந்தக வாயிலில் பத்து மாடுகள் காத்துநிற்க, மருத்துவர் பதிவேட்டில் ஒருமுறையும் கைப்பேசியில் மறுமுறையும் ஒரே செய்தியை எழுதுவது எவ்வகையில் நேரச் சிக்கனம் என்பது நமக்கு விளங்கவில்லை. ஒன்றைக் கைவிட்டாலன்றி, இக்கருவி மருத்துவரின் சுமையைக் குறைக்காது; கூட்டவே செய்யும். மலையடிவாரச் சிற்றூர்களில் அலைவரிசை கிடைக்காமல், எண்ணைத் துண்டுத்தாளில் குறித்து வந்து மாலையில் பதிவோரும் உளர். அத்தாள் தொலைந்தால் ஊசி போட்டும் போடாததே.

வில்லை வேலியில் மாட்டி அறுந்து விழுவதுண்டு. விற்கும்போது வேண்டுமென்றே அறுத்தெறிவாரும் உண்டு. வாங்குவோர் அம்மாட்டின் வரலாற்றையே இழந்து ஓட்டிச் செல்கின்றனர். அறுந்த வில்லைக்கு ஈடாகப் புதியது மாட்டிப் பழைய பதிவோடு இணைத்துத் தர இயலும்; ஆனால் பழைய எண் தெரிந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர்கள் தொழுவத்திற்குச் சென்று அப்பன்னிரண்டு இலக்கங்களையும் குறித்து, குடும்ப அட்டை இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிட்டு வரலாம். மாட்டைக் கறப்பவர் பெரும்பாலும் தாயாரே. அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டும் வரலாம்.