முன்னத்தி ஏர் இல்லாத உழவு

மழைக் கணக்கைப் படமாக்குவது என் வேலை. மழை மட்டுமல்ல, கடல்நீரின் உப்பு, காற்றின் வேகம், மண்ணின் ஈரம் என்று எண்களாகக் குவிந்து கிடப்பவற்றைக் கண்ணுக்குத் தெரியும் கோடாகவும் பரப்பாகவும் மாற்றும் நிரல்களை எழுதுகிறேன். ஒருமுறை எழுதிய நிரல் சாதாரண மேசைக் கணினியிலும் ஓட வேண்டும், என்விடியா ஜி.பி.யு.விலும் ஏ.எம்.டி. ஜி.பி.யு.விலும் ஓட வேண்டும், எல்லாவற்றிலும் ஒரே படம் வர வேண்டும். இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருக்கிறது.

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் பிறந்தவனுக்கு மழைக் கணக்கு வெறும் கணக்கல்ல. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மானாவாரி பூமி எங்களுடையது. மழை பொய்ப்பதைப் பற்றியே பேசிப் பழகிய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. கண்மாய்கள் உடைந்து ஊர்கள் தீவாயின. அந்த மழை எங்கே எவ்வளவு பெய்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைப் படமாகப் பார்ப்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதல் ஒவ்வொரு நாளின் மழையையும் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கி.மீ. அகலம், ஓட்டப்பிடாரம் வட்டாரமே ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நாடு முழுவதற்கும் 135-க்கு 129, மொத்தம் 17,415 புள்ளிகள். 120 ஆண்டுகளின் நாட்களோடு பெருக்கினால் 76 கோடி எண்கள், சுமார் 3 ஜி.பி. இன்றைய கணினிக்கு இது பெரிய சுமையல்ல. ஆனால் கடலும் வளிமண்டலமும் ஆழம், உயரம் என்று மூன்றாவது திசையையும் கொண்டுவரும்போது இதே கணக்கு பல நூறு மடங்காகும். அங்கேதான் ஜி.பி.யு. தேவைப்படுகிறது, சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கரிசல் உழவில் முன்னத்தி ஏர் போட்ட சாலைப் பார்த்துத்தான் பின்னால் வரும் ஏர்கள் போகும். நாம் பள்ளியில் கற்கும் லூப்பும் அப்படித்தான்: முந்தைய சுற்று எங்கே விட்டதோ அங்கிருந்து அடுத்த சுற்று தொடரும். ஜி.பி.யு.வில் ஆயிரக்கணக்கான ஏர்கள் ஒரே நொடியில் நிலத்தில் இறங்குகின்றன, முன்னத்தி என்று எதுவும் கிடையாது. ஆகவே பழைய நிரலை அப்படியே வேறு கணினிக்கு மாற்றி எழுதுவதில் பயனில்லை. கணக்கையே வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

சமமதிப்புப் பரப்பு வரைவதை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஈரப்பதம் ஒரே அளவாக இருக்கும் இடங்களை இணைத்தால் ஒரு பரப்பு கிடைக்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வில்லியம் லோரன்சனும் ஹார்வி கிளைனும் 1987-இல் வெளியிட்ட ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. நாம் பயன்படுத்தும் அட்டவணைப்படி ஒரு கனசதுரக் கட்டத்திலிருந்து ஒன்றும் வராமல் போகலாம், அல்லது ஐந்து முக்கோணங்கள் வரை வரலாம். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு த்ரெட்டிடம், அதாவது ஓர் ஏரிடம், கொடுத்துவிட்டோம். தன் முக்கோணங்களை விடைப்பட்டியலில் எந்த இடத்தில் எழுதுவது என்று அந்த த்ரெட்டுக்கு எப்படித் தெரியும்? முன்னால் உள்ள கட்டங்கள் எத்தனை எழுதும் என்பது அதற்குத் தெரியாதே.

இதற்கு விடை ‘ஸ்கேன்’. முதல் சுற்றில் எல்லாரும் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறார்கள்: 2, 0, 3, 1. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வந்தவற்றின் ஓடுகூட்டல் 0, 2, 2, 5. முதல் கட்டம் 0-ஆம் இடத்திலிருந்து எழுதட்டும், மூன்றாவது 2-ஆம் இடத்திலிருந்து, நான்காவது 5-ஆம் இடத்தில். மொத்தம் ஆறு, அந்த அளவுக்கு மெமரி ஒதுக்கினால் போதும். இரண்டாம் சுற்றில் யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல் அவரவர் இடத்தில் எழுதிவிடுகிறார்கள். ஓடுகூட்டல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே செய்ய முடியும் என்று தோன்றும். அதையும் பாதி பாதியாகக் கூட்டிச் சேர்த்து இணையாகச் செய்யலாம். கணினி அறிவியலாளர் கய் பிளெல்லாக் 1990-இல் எழுதிய நூல் இதைத் தெளிவாக நிறுவியது. பொதுவான எண்ணி ஒன்றை வைத்து, வருகிறவர் வருகிற வரிசையில் இடம் பிடிக்கட்டும் என்று விடுவோரும் உண்டு. அதுவும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முக்கோணங்களின் வரிசை மாறும். பிழை தேடுவது நரகமாகிவிடும். நான் ஸ்கேன் பக்கம்தான்.

மேப், ஸ்கேன், ரெட்யூஸ், சார்ட் என்று இப்படிச் சில அடிப்படைச் செயல்கள் இருக்கின்றன. நிரல் நூலகத்தில் உள்ள எல்லா வேலையையும் இவற்றைக் கோத்தே எழுதிவிட்டால், புதுக் கருவி சந்தைக்கு வரும்போது இந்தச் சிலவற்றை மட்டும் அதற்கேற்ப எழுதினால் போதும். அமெரிக்காவின் சாண்டியா, ஓக் ரிட்ஜ், லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடங்கள் டாக்ஸ், ஈ.ஏ.வி.எல்., பிஸ்டன் என்று தனித்தனியாக இதே வழியில் போய், பிறகு ஒன்றுசேர்ந்து உருவாக்கியதுதான் வி.டி.கே.-எம், இன்று விஸ்கோர்ஸ் என்ற பெயரில் வளர்கிறது. அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பதைக் காலம் காட்டியது. 2018-இல் ஓக் ரிட்ஜுக்கு வந்த சம்மிட் மீக்கணினியில் இருந்தவை என்விடியா ஜி.பி.யு.க்கள். அதே இடத்தில் 2022-இல் எக்ஸாஸ்கேலைத் தொட்ட ஃபிரான்டியரில் இருப்பவை ஏ.எம்.டி. ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் அரோராவில் இன்டெல். ஒரு நிறுவனத்தின் மொழியில் மட்டும் எழுதியவர்கள் இரண்டு முறை திரும்ப எழுத வேண்டிய நிலை.

ஆனால் எல்லாவற்றிலும் ஓடுவது வேறு, எல்லாவற்றிலும் ஒரே விடை வருவது வேறு. 32 பிட் தசம எண்ணில் 1,67,77,216 உடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள். விடை மாறாமல் 1,67,77,216 ஆகவே நிற்கும். இன்னொரு 1-ஐக் கூட்டினாலும் அப்படியேதான். இரண்டு ஒன்றுகளை முதலில் தம்முள் கூட்டிவிட்டுப் பிறகு சேர்த்தால் 1,67,77,218 வரும். ஒரே எண்கள்தான், கூட்டிய வரிசை மட்டும் வேறு. ஜி.பி.யு. தனக்கு வசதியான வரிசையில் கூட்டுகிறது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியாகச் செய்து ஒருமுறை மட்டும் முழுமையாக்குவதும் உண்டு. ஆகவே கடைசி இலக்கங்கள் கருவிக்குக் கருவி வேறுபடும். இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி இலக்கம் கோடு போட வேண்டிய எல்லை மதிப்பின் மேலேயே விழுந்தால், ஒரு கருவியில் கோடு கட்டத்துக்குள் போகும், மற்றதில் போகாது.

அதனால் நான் சோதிப்பது படிப்படியாகத்தான். எண்ணிக்கைகளும் ஸ்கேன் விடைகளும் முழு எண்கள். அவை எல்லாக் கருவியிலும் அச்சுப் பிசகாமல் ஒத்துவர வேண்டும், சலுகை கிடையாது. தசம எண்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்த அளவு விலகலை அனுமதிப்பேன். ஒவ்வொரு படிக்கும் ஒற்றை சி.பி.யு. கொடுத்த விடையையே உள்ளீடாகக் கொடுப்பேன். அப்போதுதான் ஒரு படியின் சிறு விலகல் அடுத்த படியின் குற்றமாகத் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை எங்கள் கடலோரத்துக்கே உரியது. கடல்மேல் உள்ள புள்ளிகளுக்கு மழை அளவு இல்லை. அங்கே −999 என்று நிரப்பியிருக்கும். அதை உண்மையான அளவாக எடுத்துக்கொண்டால் தூத்துக்குடிக் கரையை ஒட்டி இல்லாத கோடுகள் நெருக்கமாக முளைக்கும். படம் அழகாகவே இருக்கும், ஆனால் முழுப் பொய். விடுபட்ட மதிப்புகளை முதல் சுற்றிலேயே ஒதுக்குவது நூலகத்தின் கடமை. பயன்படுத்துகிறவர் தலையில் கட்டக்கூடாது.

நம் பக்கத்திலும் நல்ல வேலை நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஜய் நடராஜனின் குழு, வங்காள விரிகுடாவுக்குள் உப்பு மிகுந்த நீர் நகரும் பாதையைத் தொடர்வதற்கான முறைகளைக் கடலியலாளர் வினயச்சந்திரனோடு சேர்ந்து உருவாக்கியது. அதே குழு 2020-இல், மோர்ஸ்–ஸ்மேல் என்ற இடவியல் அமைப்பின் பாதைத் தேடலை அணிப் பெருக்கல்களாக மாற்றி ஜி.பி.யு.வில் ஓட்டி, அப்போதிருந்த முறைகளைவிட 7 மடங்கு வரை வேகம் கண்டது. அங்கேயும் வெற்றிக்கு வழி இதேதான்: ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பாதையை, எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய கணக்காக மாற்றியது.

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள் மீக்கணினி, 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது. எல்லாக் கல்லூரிக்கும் அது கிடைக்காது. கிடைக்காததால் காத்திருக்கவும் வேண்டாம். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் பொறியியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: விஸ்கோர்ஸ் இலவசம், ஜி.பி.யு. இல்லாத கணினியிலும் ஓடும். வானிலைத் துறையின் கட்ட மழைக் கணக்கும் இலவசம். உங்கள் ஊர் இருக்கும் கட்டத்தை எடுத்து, ஸ்கேன் ஒன்றை நீங்களே எழுதி, கோடு வரைந்து பாருங்கள். ஒழுங்காக எழுதினால் அதே நிரல் நாளை பரம் பொருளிலும் ஓடும்.